ஒற்றைக் கொட்டைக்கு ஒரு விலை. அதைப் பறித்த கைக்கு?

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்கள் "கும்பகோணம் டிகிரி காப்பி" போர்டுகளை எண்ணிக்கொண்டே பொழுதைப் போக்கலாம். கும்பகோணத்தில் காப்பித் தோட்டம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அங்கே நெல் விளையும், வாழை விளையும், வெற்றிலை விளையும், காப்பி விளையாது. ஆனாலும் ஊர்ப் பெயர் விற்கிறது, பித்தளை டபரா விற்கிறது.

இப்போது சில பேருக்கு அந்தப் பெயர் போதவில்லை. பட்டணத்து நாகரிகக் கடைகளில் கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா என்று டப்பாவில் பெயர் போட்டிருக்கிறது. "ஒரே தோட்டத்து விளைச்சல்", "இன்ன மலைச் சரிவு", "இத்தனை அடி உயரம்", "பீபெரி ரகம்" என்று பெண் பார்க்க வந்த வீட்டில் வம்சாவளி சொல்வது போலப் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. விலையைக் கேட்டால், ஊரப்பாக்கத்தில் கொத்து வேலைக்கு நிற்கும் சித்தாள் பகல் முழுக்கச் செங்கல் சுமந்தாலும் ஒரு டப்பாவுக்குக் கட்டி வராது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு நம் வட்டாரத்தில் ஜன நடமாட்டம் பெருத்துவிட்டது. பட்டணத்துக் காற்று இந்தப் பக்கமும் வீசுகிறது.

"நமக்கு டீக்கடை போதும் தோழா, சீமான் வீட்டுக் காப்பியைப் பற்றி நம் பத்திரிகைக்கு என்ன கவலை?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கவலை இருக்கிறது. காப்பி சீமான் வீட்டில் விளைந்ததல்ல. அதை நட்டவன், களை எடுத்தவன், பழம் பறித்தவள், மூட்டை சுமந்தவன், வறுத்தவன், அரைத்தவன், இந்தச் சாலையோரக் கடையில் டம்ளர் கழுவுகிற பையன், அத்தனை பேரும் நம் வர்க்கத்து ஜனங்கள். காப்பியின் ருசி எங்கே பிறந்தது என்று டப்பா சொல்லுகிறது. அதன் விலை எங்கே பிறந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது. அந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

முதலில் பீபெரி என்றால் என்ன என்று பார்ப்போம். இது நமக்குப் புதிய பெயரல்ல. பழைய காப்பித்தூள் அரவைக் கடைகளில் "பிளான்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, சிக்கரி இவ்வளவு" என்று சொல்லி அரைத்து வாங்குவது நெடுங்காலப் பழக்கம். ஆனால் அது என்னவென்று கேட்டால், வாங்குகிறவர்களில் பலருக்கும் தெரியாது. ஏதோ தனி ஜாதிச் செடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தனிச் செடி எதுவும் கிடையாது. ஒரு காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்றோடொன்று முதுகு காட்டாமல் முகம் பார்த்து ஒட்டியிருப்பதால் இரண்டுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சில பழங்களில் இரண்டில் ஒன்று கருவிலேயே நின்றுபோகிறது. மகரந்தம் சரியாகச் சேராமல் இருக்கலாம், மழை தப்பியிருக்கலாம், செடியின் வாகாகவும் இருக்கலாம். அப்போது மிஞ்சிய ஒரே கொட்டை முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு பட்டாணி போல உருண்டு திரண்டு வளர்கிறது. இதுதான் பீபெரி. எல்லாக் காப்பிச் செடியிலும் இது உண்டு. ஏற்காட்டிலும் உண்டு, கிளிமாஞ்சாரோவிலும் உண்டு. நூறு கொட்டைக்கு ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்து வரை இப்படி அமையும்.

இனிக் கூலிக் கணக்குக்கு வருவோம். ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். அதில் பீபெரி நூற்றுக்குப் பத்து என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ பீபெரி சேர 60 கிலோ பழம் பறிக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்துதான் என்றால் 120 கிலோ. மற்றக் கொட்டை வீணாவதில்லை, அதுவும் வேறு ரகமாக விற்பனையாகிறது; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பறிக்கிறவளின் நிலையைப் பாருங்கள். எந்தப் பழத்துக்குள் ஒற்றைக் கொட்டை இருக்கிறது என்று பறிக்கும்போது அவளுக்குத் தெரியாது. பழத்தைப் பிரித்த பிறகுதான் தெரியும். அவளுக்கு நாள் கூலி, அல்லது எடைக் கூலி. ஒற்றைக் கொட்டைப் பழத்துக்கும் இரட்டைக் கொட்டைப் பழத்துக்கும் ஒரே கூலி. அவள் கூடையை இறக்கிவிட்டு லைன் வீட்டுக்குப் போன பிறகு, அதே பழத்துக்குள்ளிருந்து "அபூர்வம்" என்று ஒரு சரக்கு வெளியே வருகிறது. அந்த அபூர்வத்துக்கு விதிக்கிற அதிக விலையில் ஒரு காசு கூட அவள் கூடைக்குத் திரும்பி வருவதில்லை.

அடுத்து கொட்டையைப் பிரிக்க வேண்டும். சல்லடையில் சலித்து உருண்டைக் கொட்டை தனி, தட்டைக் கொட்டை தனி என்று எடுக்கிறார்கள். இப்போது இதற்கெல்லாம் யந்திரம் வந்துவிட்டது. முன்பு மங்களூர், கோயம்புத்தூர், ஹுன்சூர் போன்ற ஊர்களின் காப்பி பதனிடும் ஆலைகளில் நூற்றுக்கணக்கான பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, கருத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது என்று ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பொடிய வேலை, அறுவடைக் காலத்துக்கு மட்டும் வேலை, மற்ற மாதங்களில் வீட்டுக்குப் போ. நிறம் பார்த்துப் பிரிக்கும் யந்திரம் வந்ததும் அவர்களில் பலரை அந்த வேலையும் கைவிட்டது. யந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. யந்திரத்தின் லாபம் யார் பெட்டிக்குப் போயிற்று என்பதுதான் கேள்வி.

ருசி இருக்கிறதா இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாம் ருசிக்கு எதிரிகள் அல்லர். நல்ல பண்டத்தை ருசிக்கத் தொழிலாளியின் நாக்குக்கு மட்டும் பாத்தியதை இல்லையா என்ன? கென்யாக் காப்பியைப் பாலும் சிக்கரியும் இல்லாமல் குடித்தால் முதலில் ஒரு கூர்மையான புளிப்பு எழும்பும். நாவற்பழமும் களாப்பழமும் தின்ற வாய்க்கு அந்தப் புளிப்பு அந்நியமாக இராது. பின்னாலேயே ஒரு தித்திப்பு. நம் வீட்டு வழக்கப்படி கள்ளிச்சொட்டு டிகாக்‌ஷன் இறக்கிப் பாலைக் கொதிக்க ஊற்றிச் சர்க்கரையும் போட்டால் அந்தப் புளிப்பு எங்கேயோ ஓடிவிடும். அப்புறம் அதற்குக் கென்யா எதற்கு, குடகே போதும்! இவ்வளவு விலை கொடுத்து வாங்கி நுரை பொங்க ஆற்றிக் குடிக்கிற கனவான்கள் டப்பாவைத்தான் குடிக்கிறார்கள்.

அந்தப் புளிப்புக்கும் தித்திப்புக்கும் காரணங்கள் உண்டு. உயரமான மலை, குளிர்ந்த இரவு, அதனால் பழம் மெல்ல முதிர்கிறது. எரிமலைச் செம்மண். 1930களில் அங்கே ஸ்காட் ஆராய்ச்சிச் சாலையில் தேர்ந்தெடுத்த எஸ்.எல்.28, எஸ்.எல்.34 என்ற செடி ரகங்கள். பழுத்ததை மட்டும் பறித்து, தோல் நீக்கி, புளிக்கவைத்து, நிறையத் தண்ணீரில் அலசுகிற முறை. இவையெல்லாம் சேர்ந்துதான் ருசி. உருண்டையாக இருக்கிற ஒரே காரணத்தால் பீபெரிக்குத் தனி ருசி என்பது வியாபாரப் பேச்சு. அதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. உருண்டைக் கொட்டை வறுக்கும்போது நன்றாகப் புரண்டு ஒரே சீராக வறுபடும் என்கிறார்கள், அவ்வளவுதான். கவனியுங்கள் தோழர்களே: மேலே சொன்ன காரணங்களில் பாதி மனிதக் கை. பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிப்பது கை. அலசுவது கை. காயவைத்துப் பொறுக்குவது கை. டப்பாவிலோ மலையும் மண்ணும் மழையும் மட்டும் இருக்கின்றன. மலை தானாக இறங்கிவந்து பையில் புகுந்துகொண்டதா?

அந்த மலை யாருடையது? இதையும் டப்பா சொல்லாது.

காப்பிச் செடியின் தாய்வீடு ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியா. ஆனால் பக்கத்தில் உள்ள கென்யாவுக்கு அது சுற்றிவளைத்துத்தான் வந்தது. 1890களில் பிரெஞ்சுப் பாதிரிமார் கொண்டுவந்து நட்டார்கள். பாதிரிமாருக்குப் பின்னால் வெள்ளைத் துரைமார் வந்தார்கள். 1902, 1915 நிலச் சட்டங்களின் மூலம் பிரிட்டிஷ் சர்க்கார் ஆப்பிரிக்க மக்களின் பூமியை "மகுட நிலம்" என்று எழுதிக்கொண்டு துரைமாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது. சொந்த மண்ணில் ஆப்பிரிக்கக் குடியானவன் ஒண்டுக் குடித்தனக்காரன் ஆனான். தலைவரி, குடிசைவரி என்று விதித்தார்கள். வரிக்குப் பணம் வேண்டும். பணத்துக்குத் துரையின் தோட்டத்தில் கூலி வேலை செய்ய வேண்டும். இதுதான் அங்கே கூலி பிடிக்கும் யந்திரம்.

பிடித்த கூலியை ஓடவிடாமல் கட்ட இன்னொரு உபாயம் செய்தார்கள். அதன் பெயர் "கிப்பாண்டே". வயது வந்த ஒவ்வொரு ஆப்பிரிக்க ஆணும் கைரேகை வைத்த சீட்டொன்றைத் தகரக் குப்பியில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். எந்தத் துரையிடம் வேலை, என்ன கூலி, எப்போது விலகினான் எல்லாம் அதில் இருக்கும். துரை கையெழுத்துப் போடாமல் வேறு வேலைக்குப் போக முடியாது. முதல் உலக யுத்தம் முடிந்த கையோடு இது நாடெங்கும் அமலுக்கு வந்தது. காப்பித் தோட்டங்களுக்குப் பெண்களையும் சிறுமிகளையும் பலவந்தமாக வேலைக்கு ஓட்டினார்கள். இதை எதிர்த்துப் பேசிய ஹாரி துக்கு என்பவரை 1922 மார்ச்சில் கைது செய்தார்கள். நைரோபி போலீஸ் நிலையத்தின் முன் திரண்ட ஜனங்கள் மீது மார்ச் 16-ல் துப்பாக்கிப் பிரயோகம். பக்கத்து ஹோட்டல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைத் துரைமாரும் சேர்ந்து சுட்டார்கள். சர்க்கார் கணக்கே 21 பேர் மாண்டார்கள் என்றது. கூட்டத்தில் முன்னே நின்று ஆண்களை உசுப்பிய மேரி முத்தோனி ஞஞ்சிரு என்ற பெண்மணியும் மாண்டவர்களில் ஒருவர். (அந்த ஹாரி துக்கு பிற்காலத்தில் தாமே வசதியான காப்பி விவசாயியாகி, ஆயுதம் ஏந்திய சொந்த ஜனங்களுக்கு எதிராகப் பேசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வர்க்கம் மாறினால் வாயும் மாறும் என்பதற்கு ஆப்பிரிக்காவும் விலக்கல்ல.)

இவ்வளவுக்கும் மேலே ஒரு கொடுமை. கென்யாவில் ஆப்பிரிக்கன் காப்பி பறிக்கலாம், காப்பி நடக்கூடாது! உரிமம், கட்டணம், கட்டுப்பாடு என்று வேலி போட்டு வைத்திருந்தார்கள். "கருப்பன் வளர்த்தால் செடிக்கு நோய் வரும், தரம் கெடும், எங்கள் தோட்டத்துக் கொட்டையைத் திருடித் தன் கொட்டை என்று விற்பான்" என்றெல்லாம் துரைமார் காரணம் அடுக்கினார்கள். உண்மைக் காரணத்தை நம் விவசாயத் தொழிலாளிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூலிக்காரன் கையில் நாலு செடி சொந்தமாக இருந்தால் விடியற்காலையில் துரை வீட்டு மணிக்கு ஓடி வர மாட்டான். 1930களின் நடுவில் துரைமார் தோட்டங்களுக்குத் தூரமான சில மாவட்டங்களில் மட்டும் கொஞ்சம் அனுமதித்தார்கள். 1952 அக்டோபரில் மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க அவசர நிலை பிரகடனம் ஆயிற்று. லட்சக்கணக்கான கிக்குயு மக்கள் முகாம்களிலும் வேலியிட்ட கிராமங்களிலும் அடைபட்டார்கள். கிளர்ச்சித் தலைவர் டெடான் கிமாத்தியை 1957 பிப்ரவரி 18-ல் தூக்கிலிட்டார்கள். அதற்கு நடுவில், 1954-ல் ஸ்வின்னர்டன் திட்டம் என்று ஒன்று கொண்டுவந்து காப்பி நடும் தடையைத் தளர்த்தினார்கள். இதென்ன திடீர்க் கருணை? நிலமும் காப்பியும் உள்ள ஒரு சிறு கூட்டத்தை ஆப்பிரிக்கர் நடுவிலேயே வளர்த்துவிட்டால் அது புரட்சிக்குக் குறுக்கே நிற்கும் என்ற கணக்கு. முகாமில் சித்திரவதைப்பட்டவர்களில் உயிரோடு மிஞ்சிய 5,228 பேருக்கு நஷ்ட ஈடு தர 2013 ஜூனில்தான் பிரிட்டிஷ் சர்க்கார் ஒப்புக்கொண்டது. அதுவும் கிழவர்களும் கிழவிகளுமாக லண்டன் கோர்ட்டுக்கு ஏறிய பிறகு.

இந்தப் போரில் நம்மவர் ஒருவரும் இருந்தார். அவரைப் பற்றி மில் தொழிலாளிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மக்கன் சிங். 1913-ல் பஞ்சாபில் பிறந்து சிறு வயதில் நைரோபி போனவர். 1935-ல் அங்கே தொழிற்சங்கம் கட்டினார். இந்தியனும் ஆப்பிரிக்கனும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். தாய்நாட்டுக்கு வந்திருந்தபோது அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டத்தில் இறங்கினார். 1940-ல் பிரிட்டிஷ் சர்க்கார் பிடித்துக் காவலில் வைத்தது. வெளியே வந்து பஞ்சாபில் கம்யூனிஸ்ட் கட்சியின் வாரப் பத்திரிகையில் வேலை செய்தார். 1947-ல் கென்யா திரும்பினார். 1950 ஏப்ரலில் நைரோபிப் பொதுக்கூட்டத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பூரண சுதந்திரம் என்று பகிரங்கமாகத் தீர்மானம் கொண்டுவந்தார். மே மாதம் கைது. 1961 அக்டோபர் வரை, பதினோரு வருஷத்துக்கும் மேல், விசாரணைத் தண்டனை முடிந்த விடுதலை எதுவும் இல்லாமல், தூரப் பிரதேசங்களில் தனிமைக் காவல். டப்பாவில் மலையின் உயரத்தை அடிக்கணக்கில் எழுதுகிறவர்கள் இந்தப் பதினோரு வருஷத்தை எந்த மூலையில் எழுதுவார்கள்?

கென்யாவின் கதையைக் கேட்கும்போது நம் ஜனங்களுக்கு வேறொரு தோட்டம் ஞாபகம் வரவேண்டும். கழுத்துக் குப்பியைப் போல நமக்கும் ஒரு சீட்டு இருந்தது. அதன் பெயர் "துண்டு".

இன்று தேயிலைக்குப் பெயர்போன இலங்கை மலைநாட்டில் முதலில் இருந்தது காப்பி. 1830கள் தொட்டுத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தான். பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள், தாழ்த்தப்பட்ட ஜனங்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியாக நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரத்தில் விழுந்தவர்கள் ஆயிரமாயிரம் பேர். தப்பிப் போய்ச் சேர்ந்தவனுக்குக் கங்காணியின் கடன் காத்திருந்தது. கடன் தீர்ந்தது என்று துண்டுச் சீட்டு எழுதித் தந்தால்தான் வேறு தோட்டம் போகலாம். 1869-ல் இலைத் துரு நோய் வந்து சில வருஷங்களில் காப்பி அழிந்தது. தேயிலை வந்தது. பயிர் மாறியது, துண்டு மாறவில்லை. அது சட்டப்படி ஒழிந்தது 1921-ல்தான். நமக்குத் துண்டு ஒழிந்த அதே காலத்தில்தான் கென்யாவில் குப்பி கழுத்தேறியது. ஒரே கடையின் இரண்டு கிளை!

அந்த மக்கள் கட்டிய நாட்டிலேயே 1948-ல் அவர்களின் பிரஜா உரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று மூட்டை பங்கிடுவது போலப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூட்டையைக் கேட்டா பங்கிடுவார்கள்?

இந்தப் பக்கத்திலும் வேறு கதை இல்லை. ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை காப்பியைக் கொண்டுவந்தார். குடகு, வயநாடு, நீலகிரி என்று அது பரவியது. ஒப்பந்தத்தை மீறி ஓடிய தோட்டத் தொழிலாளியைத் தண்டிக்க மதராஸ் ராஜதானியில் 1903-ல் தனிச் சட்டமே போட்டார்கள். இன்னொரு விந்தையும் உண்டு. மைசூர்ச் சீமையில் ஒரு தோட்டத்தில் 1911 வாக்கில் கென்ட் என்ற துரை நோய் தாங்கும் செடியொன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்த வம்சம் கடல் தாண்டித் தங்கனீகா போய் அங்கே பரவியது. இன்று தான்சானியா பீபெரி என்று பெருமையாக விற்கிற கொட்டையில் ஒரு பகுதி, மைசூர்த் தோட்டத்துக் கூலிகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியின் பேரப்பிள்ளை. "ஒரே ஊர்ச் சரக்கு" என்ற பட்டத்துக்கு இதற்கு மேல் என்ன பரிகாசம் வேண்டும்!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பழங்கதை, இப்போது ஊர்ப் பெயர் போட்டு விற்பதால் விவசாயிக்குத்தான் நல்ல விலை கிடைக்கிறது" என்பது எதிர்க்கட்சி வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. இடைத்தரகனைத் தாண்டி நேரே விற்கிற சிறு விவசாயிக்கு நாலு காசு கூடுதலாக வரலாம்; வரட்டும், சந்தோஷம். கிளிமாஞ்சாரோ மலையில் சாகா குடியானவர்கள் 1925-லேயே சங்கம் வைத்து, 1933-ல் அதைக் கூட்டுறவாக மாற்றித் துரைமாரின் எதிர்ப்பை மீறித் தங்கள் காப்பியைத் தாங்களே விற்றார்கள். கென்யாவில் முடியாதது பக்கத்து மலையில் முடிந்தது. சங்கம் இருந்ததால் முடிந்தது. பெயருக்கு உள்ள விலை குடியானவனுக்கு வர வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது.

ஆனால் பெயரைக்கூட விட்டுக்கொடுக்க முதலாளிகளுக்கு மனம் வருகிறதா? எத்தியோப்பிய சர்க்கார் 2005-ல் சிடாமோ, ஹரார், யிர்கச்செஃபே என்ற தன் சொந்த ஊர்ப் பெயர்களை அமெரிக்காவில் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்யப் போனது. அமெரிக்கக் காப்பி வியாபாரிகள் சங்கம் குறுக்கே விழுந்தது. ஸ்டார்பக்ஸ் கம்பெனியோடு ஒரு உடன்பாட்டுக்கு வர 2007 வரை இழுத்தடிப்பு. காப்பி பிறந்த நாடு தன் ஊர்ப் பெயருக்கே அமெரிக்காவில் மனுப் போட்டுக் காத்திருந்தது!

விலை ஏறினால் எல்லோருக்கும் நன்மை என்பது அடுத்த புளுகு. காப்பி ஏற்றுமதிக்கு அளவு வகுத்து விலையைத் தாங்கி வந்த சர்வதேச ஒப்பந்தம் 1989 ஜூலையில் உடைந்தது. இங்கே 1940களிலிருந்து காப்பி போர்டு எல்லோர் விளைச்சலையும் பொதுக் குவியலாக வாங்கி விற்றுவந்தது. பணம் தவணை தவணையாகத்தான் வரும், குறைகள் இருந்தன. ஆனால் ஒரே தரத்துக்குப் பெரிய தோட்டக்காரனுக்கும் ஐந்து ஏக்கர்காரனுக்கும் ஒரே விலை. 1992 முதல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து 1996-ல் முழுக்கக் கைகழுவினார்கள். 1994-ல் பிரேஜிலில் உறைபனி விழுந்து உலக விலை ஏறியிருந்த நேரம் அது. சுதந்திரச் சந்தை வாழ்க என்று சிறு விவசாயிகளையும் கைதட்ட வைத்தார்கள். 2001 கடைசியில் அமெரிக்கச் சந்தையில் ஒரு பவுண்டு காப்பி 42 சென்ட் அளவுக்கு விழுந்தது. குடகிலும் வயநாட்டிலும் கடனில் மூழ்கிய குடும்பங்களைக் கண்டோம். தோட்டங்களில் வேலை நாட்கள் குறைந்தன. பிறகு 2025 பிப்ரவரியில் அதே பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. ஏறக்குறைய பத்து மடங்கு! பணத்தின் மதிப்புக் குறைந்ததைக் கழித்தாலும் பெரிய ஏற்றம். பறிக்கிறவளின் கூலி பத்து மடங்கு ஏறியதா? விலை விழுந்தபோது "சந்தை சரியில்லை, ஆளைக் குறை" என்றவர்கள், விலை ஏறியபோது "சந்தை நன்றாக இருக்கிறது, கூலியைக் கூட்டு" என்று சொன்னார்களா? ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆள் கொண்டுவந்து இறக்கினார்கள். கங்காணியின் பெயர் காண்டிராக்டர் என்று மாறியிருக்கிறது.

நல்ல விலைக்கு விற்கும் சிறு விவசாயியின் கணக்கிலும் கூலிப் பெண் இல்லை. அவரைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. அவர் நம் நேசசக்தி. ஆனால் "விவசாயிக்கு நியாய விலை" என்று முத்திரை குத்திய டப்பாவை வாங்கியதும் தன் மனச்சாட்சி கழுவப்பட்டது என்று நினைக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறோம்: தோட்டத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்த விலையை அந்த முத்திரை சொல்கிறது, கூடை சுமந்தவளின் கூலியைச் சொல்வது அபூர்வம்.

அப்படியானால் அந்நியக் காப்பியை பகிஷ்கரிப்போம், சுதேசிக் காப்பியே குடிப்போம் என்று ஒரு கூட்டம் கிளம்பலாம். வேண்டாம் ஐயா. குடகுக் காப்பிக்கும் வயநாட்டுக் காப்பிக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தாயிற்று. நம் மலைப் பெயரும் டப்பாவில் ஏறிவிட்டது. லைன் வீட்டுக் கூரை அதனால் மாறியதா? சுதேசி முதலாளியின் தராசும் அதே தராசுதான்.

காப்பியை வேறுவிதமாகவும் விற்கலாம் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. காப்பி போர்டு நடத்திய இந்தியா காப்பி ஹவுஸ்களை 1957-ல் மூடித் தொழிலாளிகளை வீதியில் தள்ளினார்கள். தோழர் ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டினார். "கடையை நீங்களே நடத்துங்கள்" என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அந்த அக்டோபரில் டில்லியில் கடை திறப்பு. 1958 மார்ச்சில் திருச்சூர். பரிமாறியவரே சொந்தக்காரர் ஆனார். தலைப்பாகை கட்டிய அந்தத் தோழர்கள் பீபெரி, வம்சாவளி எதுவும் பேசாமல், சாதாரண ஜனங்கள் உட்கார்ந்து அரசியல் பேசக்கூடிய விலையில் காப்பி கொடுத்தார்கள். கேரளத்தில் அந்தக் கடைகள் இன்றும் நடக்கின்றன. காப்பிக் கடையில் தொழிலாளி முதலாளியாக முடியும் என்றால், தோட்டத்தில் மட்டும் ஏன் முடியாது?

அந்த நாள் வரும்வரை தோட்டத் தொழிலாளிக்கு இருந்த கேடயம் 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம். வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம், எல்லாம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று அது எழுதிவைத்தது. ஏட்டில் இருந்த அளவுக்கு லைன்களில் இல்லை. ஆனாலும் சங்கம் பிடித்து நின்று பேச ஒரு பிடி இருந்தது. 2020-ல் மத்திய சர்க்கார் பதின்மூன்று சட்டங்களை ஒரே தொகுப்பில் கரைத்தபோது அதையும் சேர்த்துக் கரைத்தது. 2025 ஜூலை 9-ல் நாடெங்கும் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் இந்தத் தொகுப்புகளை வாபஸ் வாங்கு என்பது முக்கியக் கோரிக்கை. சர்க்கார் வாபஸ் வாங்கவில்லை. நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தன என்று அறிவித்தது. புதிய சட்டத்தில் தொழிற்சாலைக்கும் தோட்டத்துக்கும் வரும் ஆய்வாளருக்குப் பெயரையே மாற்றிவிட்டார்கள். இனி அவர் வெறும் ஆய்வாளர் அல்ல, "ஆய்வாளர் மற்றும் வசதி செய்து கொடுப்பவர்". யாருக்கு வசதி என்று கிளைக் கூட்டங்களில் தோழர்கள் விளக்கிப் பேச வேண்டும். மறைமலைநகர் ஆலைத் தொழிலாளிக்கும் ஏற்காட்டில் பழம் பறிக்கிறவளுக்கும் இனி வரப்போகிறவர் அதே ஆய்வாளர்தான்.